மொரோக்கோ பாணியில் ஹோல்: திருகோணமலை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவரோரமாக ஓடும் தாழ்ந்த இருக்கை, கண்ணைக் கூசாத வெளிச்சம், ஏதாவது ஒரு பரப்பில் மட்டும் நிறைந்த வேலைப்பாடு. மொரோக்கோ வீட்டு ஹோலைத் தூக்கி நிறுத்துவது இந்த மூன்றுந்தான். தொங்கு விளக்கும் பித்தளைத் தட்டமும், உள்ளே துணி அடைத்த வட்டத் தோல் இருக்கையான மோடாவும் அதற்குப் பிறகு வருபவை. ஆனால் சிக்கனமாகச் செய்ய நினைப்பவர்கள் அநேகமாகத் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். சின்னச் சின்னச் சாமான்களாக ஒவ்வொன்றாய் வாங்கி, கடைசியில் அவற்றைப் பழைய செற்றியைச் சுற்றி அடுக்கிவிடுகிறார்கள். காசு கரைந்திருக்கும், ஹோல் மாறியிருக்காது. கையில் உள்ள பணத்தில் பாதியை இருக்கைக்கென்று முதலே ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் ஊரின் காற்று. நாம் பார்க்கிற படங்களில் பெரும்பாலானவை மராக்கேஷ் நகரத்து வீடுகள். அது கடலை விட்டுத் தள்ளி, அட்லஸ் மலைகளுக்குக் கிட்ட, வறண்ட காற்றில் இருக்கிற ஊர். கம்பளி விரிப்பும் தோலும் இரும்பு விளக்கும் அங்கே ஆண்டுக்கணக்கில் நிற்கும். திருகோணமலையில் உப்புக்காற்று வருடம் முழுக்க அடிக்கிறது. வைகாசி பிறந்தால் கச்சான் காற்றோடு புழுதி வரும், கார்த்திகை மார்கழியில் துணி கூடக் காயாது. மொரோக்கோவிலேயே நமக்கு உறவான ஊர் எஸ்ஸவிரா. அட்லாண்டிக் கரையில் கோட்டையோடு கூடிய துறைமுகம் அது. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, நீல யன்னல், அவ்வளவுதான் அதன் அழகு. உப்புவெளியிலோ டச்சுக்குடாப் பக்கத்திலோ வீடு உள்ளவர்கள் மராக்கேஷின் செம்மண் நிறத்தை விட்டு இந்த வெள்ளையையும் நீலத்தையும் எடுத்தால் செலவும் குறையும், ஹோலும் வெக்கையாகத் தெரியாது.

இருக்கையில் விடும் பிழைகள்

மொரோக்கோ வீடுகளில் இருக்கை மூன்று சுவரோரமும் ‘ப’ வடிவில் ஓடும். அதை அப்படியே 10 அடிக்கு 12 அடி ஹோலில் இறக்குவதுதான் முதல் பிழை. எங்கள் வீடுகளில் ஹோல் என்பது அறைகளுக்கும் குசினிக்கும் போகிற வழியும்தான். எதிரெதிர்ச் சுவர்களில் 2½ அடி ஆழத்துக்கு இருக்கை வந்தால் 10 அடியில் நடுவே மிஞ்சுவது 5 அடி. மேசையும் வைத்தால் ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். இந்த அளவு ஹோலுக்கு ‘ட’ வடிவம் போதும். ஒரு சுவரில் 6 அடி, அடுத்த சுவரில் 6 அடி, மூலைக்கு 28 அங்குலச் சதுரத் துண்டு ஒன்று. இருக்கைக்கும் மேசைக்கும் இடையில் 15 முதல் 18 அங்குலம் விடுங்கள். நடக்கிற வழிக்கு 30 அங்குலமாவது வேண்டும்.

தாழ்ந்த இருக்கை என்றதும் மெத்தையைத் தரையிலேயே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. சீமெந்துத் தரையில் ஈரம் மேலே ஏறும், மெத்தையின் அடிப்பக்கம் மூச்சுவிட வழியில்லை. மாரி முடிவதற்குள் அடியில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். முழங்கால் நோவுள்ள அம்மம்மா அதில் இருந்தால் இரண்டு பேர் பிடித்துத் தூக்கவேண்டும். மெத்தையோடு சேர்த்து 15, 16 அங்குல உயரம் சரியாக இருக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு பக்கத்தை மட்டும் 18 அங்குலமாக உயர்த்தி, ஓரத்தில் கைபிடிக்க ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள்.

அடித்தளத்துக்கு மலிவான வழி சாமான் ஏற்றி இறக்கும் மரப் பலேட்டுகள். ஒன்றின் உயரம் கிட்டத்தட்ட 6 அங்குலம். இரண்டை அடுக்கினால் 12, மேலே 5 அங்குல மெத்தை வைத்தால் ஆள் இருந்து அமுங்கிய பின் 16 அங்குலம் வரும். வாங்கும்போது பக்கக் கட்டையில் கோதுமைக் கதிர் படத்தோடு இருக்கும் முத்திரையைப் பாருங்கள். HT என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம். MB என்று இருந்தால் மெதில் புரோமைட் புகையடித்தது. அது வீட்டுக்குள் வேண்டாம். எண்ணெய்க் கறையோ இரசாயன மணமோ உள்ளதையும் விடுங்கள். பலேட்டின் மேல் ஒட்டுப்பலகையை முழுதாக அடித்து மூடுவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் மெத்தைக்குக் கேடு. சட்டங்களுக்கு இடையே ஓர் அங்குல இடைவெளி இருக்கட்டும். சுவரில் இருந்தும் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், காற்றோட்டமும் கிடைக்கும், கறையான் ஏறினால் கண்ணிலும் படும்.

அதிகம் பேர் ஏமாறுவது ஸ்பொன்ஞ் மெத்தையில்தான். தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அடர்த்தி குறைந்தது ஆறு மாதத்தில் நடுவில் குழி விழுந்து, மரச்சட்டம் பின்புறத்தில் குத்தும். இருந்து எழும்பும் இருக்கைக்குக் கன மீற்றருக்கு 32 கிலோ அடர்த்தி கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, தராசில் வைக்கச் சொல்லுங்கள். 6 அடி நீளம், 28 அங்குல அகலம், 5 அங்குலத் தடிப்புள்ள துண்டு ஒன்று அந்த அடர்த்தியில் ஏறக்குறைய 5¼ கிலோ நிறுக்கும். மூன்று கிலோதான் காட்டுகிறது என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உறை தைக்கத் துணி வாங்குவதிலும் கணக்குத் தப்புகிறது. மேலே சொன்ன மெத்தைக்கு 45 அங்குல அகலத் துணியில் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என 74 அங்குலத் துண்டுகள் இரண்டு வெட்டவேண்டும். அகலத்தில் 30 அங்குலம் அவற்றுக்குப் போக, மிஞ்சும் 15 அங்குலத்தில் நான்கு பக்கப் பட்டிகளும் வந்துவிடும். ஆகக் கூடுதல் 4¼ யார். பருத்தி சுருங்கும் என்பதால் 4½ யார் எடுங்கள். வாங்கிய துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். முதல் சலவையில் உறை சுருங்கி மெத்தைக்குள் போகாமல் நிற்பது இந்த ஒரு வேலையைத் தவறவிட்டதால்தான். மருதமுனைக் கைத்தறித் துணி இதற்கு மிக நல்லது. தடிப்பானது, வியர்வையை வாங்கும், கோடு போட்ட வகைகள் மொரோக்கோ நெசவுக்கு இயல்பாகவே நெருங்கி நிற்கும். மினுங்கும் பொலியெஸ்டர்ப் பட்டு கடை வெளிச்சத்தில் மயக்கும். கச்சான் நாளில் அதில் அரை மணி நேரம் இருக்க முடியாது.

வெளிச்சம்

எவ்வளவு பணம் செலவழித்தாலும் ஹோலைக் கெடுத்துவிடக் கூடியது கூரையில் இருக்கும் வெள்ளை ரியூப் லைற். 6500 கெல்வின் வெளிச்சத்தில் எந்த நிறமும் வெளிறித்தான் தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்கு மாறுங்கள். நடுவில் ஒரே விளக்கு என்றில்லாமல் மூன்று இடங்களில் தாழ்வாக வையுங்கள். படிக்கவோ தைக்கவோ தேவையென்றால் பழைய விளக்கு தனிச் சுவிட்சில் இருக்கட்டும்.

துளை போட்ட விளக்கின் நிழல் சுவரில் பூவாக விழவேண்டும் என்பதற்காகத்தானே அதை வாங்குகிறோம்? உள்ளே பால்போன்ற வெள்ளை மூடியுள்ள பல்ப் போட்டால் நிழல் கலங்கிப்போகும். கண்ணாடி தெளிவாக உள்ள, இழை தெரிகிற 4 வற் எல்.இ.டி. பல்ப் போடுங்கள். மின்விசிறிக்குக் கிட்ட விளக்கைத் தொங்கவிடுவது இன்னொரு பிழை. விசிறி இலை வெளிச்சத்தை வெட்டிவெட்டி ஹோல் முழுக்கத் துடிக்கும், தலையிடிதான் மிச்சம். இலை நுனியில் இருந்து மூன்றடியாவது தள்ளி, மூலையில், யாரும் நடக்காத இடத்தில், தரையில் இருந்து 5 அடி உயரத்தில் விளக்கின் அடி வரட்டும். கூரையில் துணி கட்டிக் கூடாரம்போல் செய்யும் ஆசையையும் விசிறி உள்ள ஹோலில் கைவிடுங்கள்.

மலிவு விலை விளக்குகள் பெரும்பாலும் பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஒரு மழைக்காலத்தில் துளை ஓரமெல்லாம் கறள் கட்டிவிடும். கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்று கொண்டு போங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. அலுமினியமும் உண்மைப் பித்தளையும் ஒட்டாது.

வீட்டிலேயே செய்வதென்றால் பெரிய பால்மா டின் போதும். வெறும் டின்னில் ஆணி அடித்தால் தகடு உள்ளே மடங்கிவிடும். வாயில் இருந்து ஓர் அங்குலம் குறையத் தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு உறைய வைத்து, கோலத்தைத் தாளில் கீறி டின்னில் ஒட்டி, பனிக்கட்டி உருகத் தொடங்குமுன் துளையிடுங்கள். துளைகளுக்கு இடையில் கால் அங்குலம் விடவேண்டும். அதைவிட நெருக்கினால் தகடு கிழியும். ஆணி போன இடத்தில் முலாம் போய்விடுவதால் உள்ளும் புறமும் பிறைமர் அடித்த பிறகே நிறம். உலோக விளக்கு எதுவானாலும் எர்த் வயரோடு மூன்று வயர் இழுத்து, மின்வேலை தெரிந்தவரைக் கொண்டே பொருத்துங்கள். 230 வோல்ற் விளையாட்டல்ல. வயரிங் செய்யப் பணம் இல்லையென்றால் பற்றரியில் எரியும் சின்ன விளக்கை உள்ளே வையுங்கள்.

சுவர்

பெயின்ற் அடிக்குமுன் சுவரைச் சோதியுங்கள். உவர் பூத்த சுவரில் எமல்ஷன் அடித்தால் கொப்புளம் போட்டு உரிந்துவிடும். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் இறுக்கமாக ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி கட்டினால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முதலில் ஒழுக்கையும் அடிச்சுவரையும் பார்க்கவேண்டும். அப்படியான சுவருக்குச் சுண்ணாம்பு நல்லது, ஈரத்தை வெளியே போகவிடும். ஆனால் எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. சுரண்டி எடுத்து, சுவரை நனைத்து, தண்ணீராய் நாலு ஐந்து பூச்சுப் பூசவேண்டும். நிறத்தூள் 10 கிலோ சுண்ணாம்புக்கு ஒரு கிலோவைத் தாண்டினால் கையில் ஒட்டிக்கொண்டு வரும். ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்ததும் நன்றாக வெளிறும், அதனால் ஓரத்தில் பூசி அடுத்த நாள் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் காவியைப் பட்டை பட்டையாக அடிக்கவேண்டாம். நம்மூர்க் கண்ணுக்கு அது கோயில் மதிலாகத்தான் தெரியும்.

நாலு சுவரிலும் நிறம் வேண்டியதில்லை, ஒன்று போதும். 12 அடிக்கு 9 அடிச் சுவருக்கு இரண்டு பூச்சுக்கு இரண்டு லீற்றர் எமல்ஷன் காணும்.

மொரோக்கோவில் சுவரின் கீழ்ப்பகுதியில் ‘ஸெல்லிஜ்’ என்ற கையால் வெட்டிய சுடுமண் ஓடு பதிப்பார்கள். அதை ஸ்ரென்சில் வைத்து வரையலாம். மூன்றடி உயரத்துக்கு மெனக்கெட்டு வரைந்த பிறகு இருக்கையை வைத்தால் எல்லாம் மறைந்துவிடும், ஏனென்றால் இருக்கை 16, முதுகுத் தலையணை 18, சேர்ந்து 34 அங்குலம். இருக்கை வரும் சுவரில் 34 அங்குலத்தில் தொடங்கி 48 வரை பட்டியாக வரையுங்கள். பழைய எக்ஸ்ரே பிலிம் நல்ல ஸ்ரென்சில். மூலையில் தொடங்காமல் சுவரின் நடுவில் தொடங்கினால் இரு முனையிலும் பூ ஒரே அளவில் வெட்டுப்படும். மை கசிவது தூரிகையில் நிறம் கூடுவதால்தான். தோய்த்ததைப் பத்திரிகைத் தாளில் துடைத்து, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் குத்திக்குத்தி வையுங்கள்.

சுவரில் வளைவு வரைகிறவர்கள் அரைவட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது வெறும் யன்னல் வளைவு. மொரோக்கோ வளைவு குதிரை லாடம்போல் கீழே மீண்டும் உட்பக்கம் திரும்பும். 18 அங்குல ஆரத்தில் வட்டம் போட்டு, மையத்தில் இருந்து 9 அங்குலம் கீழே வரை கோட்டைத் தொடருங்கள். அங்கே அகலம் 36இல் இருந்து ஏறக்குறைய 31 அங்குலமாகக் குறுகும். அந்த இரு புள்ளிகளில் இருந்து தூக்குக்குண்டு விட்டு நேர்கோடு இறக்குங்கள். நைலோன் கயிறு இழுபடும். இரண்டு துளை போட்ட மரச்சட்டமே கொம்பாஸாக இருக்கட்டும்.

தரையும் மேசையும்

கம்பளிக்குப் போகாதீர்கள். பூஞ்சணமும் பூச்சியும் சேர்ந்து தின்னும். சாயமிட்ட பன்பாய் குளிர்ச்சியானது, நிறமும் கோலமும் இந்தப் பாணிக்கு ஒத்துவரும். அதன் மேல் சின்னப் பருத்தி விரிப்பு ஒன்று போட்டால் போதும், வழுக்காமல் அடியில் இறப்பர் வலை வையுங்கள். மேசைக்குப் பித்தளைத் தட்டம் தேடி அலையவும் தேவையில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சாப்பாட்டுக்கு வைக்கும் பெரிய சஹன் ஒன்றை மடக்குக் காலில் வைத்தால் அதுவே மொரோக்கோ தேநீர் மேசை. மோடாவுக்குள் ஸ்பொன்ஞ் துண்டுகளை அடைக்காதீர்கள், அமுங்கிப்போகும். 20 அங்குல விட்டம், 14 அங்குல உயரமுள்ள உறைக்குப் பழைய சேலை சாரம் 8 முதல் 10 கிலோ கொள்ளும்.

அழகாக இருக்கிறது என்று தொழுகை முஸல்லாவை வாங்கித் தரையில் விரித்து மிதிப்பதும், அரபு எழுத்து அச்சிட்ட துணியில் தலையணை தைப்பதும் கட்டாயம் வேண்டாம். அந்த எழுத்து குர்ஆன் வசனமாக இருக்கலாம். நம் ஊரில் அயலவர் வீட்டுக்கு வந்து அதன்மேல் இருக்க நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? பூவும் நட்சத்திரமும் கட்டங்களுமே இந்தக் கலைக்குத் தாராளம்.

ஐப்பசி முடியுமுன் உறைகளைக் கழற்றித் தோய்த்து, மெத்தைகளை நல்ல வெயிலில் ஒரு நாள் போட்டு எடுங்கள். மழை தொடங்கிய பின் வாரம் ஒரு முறை மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, விசிறியை இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். பன்பாயைச் சுருட்டி வைக்கிறதென்றால் நன்றாகக் காய்ந்த பிறகு நிமிர்த்தி வையுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கி, ஈரம் ஒட்டத் துடைத்து, சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் மாரி முழுக்கத் தாங்கும்.