தொட்டியில் வெள்ளைப் புழுவா? கொல்வதற்கு முன் நடக்கவிட்டுப் பாருங்கள்

வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்த கறிவேப்பிலை, தண்ணீர் ஊற்றியும் வாடிக்கொண்டே போகிறதா? தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். பிடிப்பில்லாமல் ஆடினால் வேரை ஏதோ தின்கிறது என்று சந்தேகப்படலாம்.

பழைய செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைக் கையால் உதிர்த்துப் பாருங்கள். வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, முன்பக்கம் மூன்று ஜோடிக் கால்கள், பிறை போலச் சுருண்டு கிடக்கும்; பின்பகுதி மட்டும் தின்ற மண்ணால் கறுத்துத் தெரியும். இது வண்டின் புழு. ஆனால் இப்படி இருப்பவை எல்லாம் வேரைத் தின்பவை அல்ல, இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

புழுவை ஒரு தட்டில் விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். மல்லாந்து, கால்கள் மேலே இருக்க முதுகால் நெளிந்து நகர்ந்தால் அது பூவண்டின் புழு. மட்கியதைத் தின்று உரமாக்கித் தருவது. தயவுசெய்து அதை மட்கு உரக் குவியலில் விடுங்கள். பக்கவாட்டில் சுருண்டே கிடந்தால், அல்லது காலை ஊன்றி நகர்ந்தால், வேர்ப்புழுவாக இருக்கலாம். கட்டைவிரல் தடிமனில் இருந்தால் அனேகமாகக் காண்டாமிருக வண்டு. புழு மட்கியதைத்தான் தின்னும், ஆனால் வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைத் துளைக்கும், அதனால் அதை விட்டுவைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் கரும்பு, நிலக்கடலை பயிரிடுபவர்களைக் கேட்டால் வேர்ப்புழுவின் கொடுமையைச் சொல்வார்கள். அங்கே ஹோலோட்ரிக்கியா செராட்டா என்ற இனம் கோடை மழை விழுந்ததும் அந்தி நேரத்தில் மண்ணிலிருந்து வண்டாகக் கிளம்பும், வேப்பமரத்தில் கூடி இலையைத் தின்னும், மறுபடி மண்ணுக்குள் போய் முட்டையிடும். ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான், ஆனால் புழு தன் வளர்ச்சியின் மூன்றாவது பருவத்தில் வேரை மொட்டையடித்துவிடும். நம் சிங்கப்பூரில் மண் அதிகம் காய்வதில்லை, எனவே எந்த மாதத்திலும் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, செடியைக் காப்பாற்றுவோம். அழுகிய வேரை நறுக்கி, புது மண்ணில் நட்டு, கிளைகளையும் கொஞ்சம் வெட்டிவிடுங்கள், குறைந்த வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் தர முடியாது. ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும், அதையும் கவனியுங்கள்.

சமூகத் தோட்டத்தில் என்றால் பழைய மண்ணைக் கிளறிப் போடுங்கள், மைனாக்கள் பொறுக்கிவிடும். அப்புறம், சரியாக மட்காத சாணத்தைப் போடாதீர்கள், முட்டையிட வரும் வண்டுகளுக்கு அது பிடித்த இடம். இரவில் டார்ச் அடித்து இலைகளைப் பார்த்து, உட்கார்ந்திருக்கும் பழுப்பு வண்டுகளைக் கையாலேயே எடுத்துவிடலாம்.