பழைய டீசல் எஸ்டேட் கார்: குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1992-இல் வந்த டாடா எஸ்டேட், 2004-இல் வந்த இண்டிகோ மரினா போன்ற, பின்பக்கம் நீண்டு சாமான் ஏற்ற வசதியுள்ள டீசல் கார்கள் நம் மாவட்டத்தில் இன்றும் ஆங்காங்கே ஓடுகின்றன. இவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இன்ஜின் மீதே கவனம் வைக்கிறார்கள். ஆனால் இருபருவ மழையும் கடற்காற்றும் உள்ள இந்த மண்ணில், இன்ஜின் தேய்வதற்கு வெகு முன்பே துரு வண்டியைத் தின்றுவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, மேற்புறத்தை மட்டும் கழுவிவிட்டு அடிப்பாகத்தை மறப்பதையே முதல் தவறாகச் சொல்வேன். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் போய்வந்தால் சக்கரங்களின் உள்வளைவையும் ஜாக்கி வைக்கும் இடங்களையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதைப் பயன்படுத்துவது கேட்டைக் கூட்டவே செய்யும். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகள் இலை, மண்ணால் அடைபட்டால் மழைநீர் உள்ளேயே தங்கி, வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போதுதான் சேதம் தெரியவரும். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசினால் துரு பிடிக்காது என்று நம்பிப் பூசுவோர் உண்டு. அந்த ஆயில் ரப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸ்களையும் கெடுத்துவிடும். மீன் பெட்டி ஏற்றுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனெனில் உருகும் ஐஸ் தண்ணீர் உப்போடு தரைவிரிப்பின் அடியில் இறங்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியில் தேங்கி, தகட்டை ஓட்டையாக்கும். மீன் ஏற்றிய அன்றே விரிப்பைத் தூக்கிக் கழுவிக் காயவைப்பது தகடு மாற்றும் செலவை மிச்சப்படுத்தும்.

டேங்கை எப்போதும் அடிமட்டத்திலேயே வைத்து ஓட்டுவது அடுத்த தவறு. காலி இடத்தில் நிற்கும் ஈரக்காற்று குளிரும்போது நீராகி டீசலோடு சேரும். டீசலே மசகாக இருந்து காக்கும் பம்பையும், டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் அந்த நீர் அரித்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். டீசல் முழுதும் தீர்ந்து நின்றுவிட்டால், லைனில் புகுந்த காற்றை எடுக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பது ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் எரிக்கும்.

நாகர்கோவிலில் ஏது குளிர் என்று, ஸ்டார்ட் செய்யுமுன் எரியும் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் பழுதானதைப் பொருட்படுத்தாதவர்கள் பலர். இந்த இன்ஜின்களில் எரிதல் ஒரு சிறு முன்னறையில் தொடங்குவதால், அழுத்தத்தில் பிறக்கும் வெப்பத்தின் ஒரு பங்கு அறைச்சுவரிலேயே போய்விடும். அதனால் காலையில் ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்தே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் ரப்பர் பட்டையான மரினாவின் டைமிங் பெல்ட்டை மாற்றுவதையும், கிலோமீட்டர் இன்னும் ஆகவில்லை என்று தள்ளிப்போடக் கூடாது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமையடையும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து இன்ஜினையே பிரிக்க நேரும்.

தேங்கிய மழைநீரில் வண்டி நின்றுபோனால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே புகுந்த நீரை அழுத்த முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மார்த்தாண்டம் நெரிசலில் கிளட்ச் மீதே காலை வைத்திருப்பதும், ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் விரைவில் தீர்த்துவிடும். இவற்றைவிட ஆபத்தானது, பேச்சிப்பாறை, கோதையாறு பக்க மலைச்சாலைகளில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது. வாழைத்தார் ஏற்றிய எஸ்டேட் காருக்குக் கியரின் பிடிப்பு இல்லாவிட்டால் முழுப் பாரமும் பிரேக் மீது விழுந்து, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இன்ஜினையும் அணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: டீசல் வண்டியில் பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவத்தை (வெற்றிடத்தை) இன்ஜின் சுழற்றும் தனிப் பம்ப்தான் தருகிறது. அந்த ஏற்றத்தில் ஏற எந்தக் கியர் தேவையோ அதிலேயே இறங்குவது நல்லது.

பத்து ஆண்டு ஆன டீசல் காருக்குத் தடை என்ற டெல்லிச் செய்தியைக் கேட்டு அவசரமாகக் குறைந்த விலைக்கு விற்க வேண்டியதில்லை. அந்த விதி தலைநகர் வட்டாரத்துக்கே உரியது. இங்கே 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், அந்த இடைவெளியில் புகை, ஹேண்ட்பிரேக், விளக்குகள் ஆகியவற்றைச் சரிசெய்துகொண்டு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகலாம்.