ஏர் ரைபிளில் ஸ்கோப் மாட்டுகிறீர்களா? மட்டம் பார்ப்பதில் இந்தத் தவறுகள் வேண்டாம்

குறிபார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அது கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தாலும் 10 மீட்டர் தூரத்துக் குறி அட்டையில் ஒன்றும் தெரியாது. பெல்லட் (சிறு ஈயக் குண்டு) நடுவிலேயே விழும். அதே துப்பாக்கியில் 40, 50 மீட்டருக்கு ஸ்கோப்பின் மேலுள்ள டரட் குமிழைத் திருப்பி உயரம் ஏற்றிச் சுட்டால், அடி (பெல்லட் படும் இடம்) மேலே ஏறுவதோடு ஒரு பக்கமாகவும் ஒதுங்கிவிடும். உடனே காற்றின் மேல் பழி விழும். கடலூரிலும் புதுச்சேரியிலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று வருகிறதே, நம்பும்படிதான் இருக்கும். அப்புறம் பெல்லட்டை மாற்றுவார்கள், ஸ்கோப்பையே மாற்றுவார்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது கடைசியில்தான் நடக்கும்.

கணக்கு எளிது. பெல்லட் துப்பாக்கிக் குழாயை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து கீழே விழுந்துகொண்டேதான் போகிறது. அந்த விழுச்சியை ஈடுகட்டத்தான் குழாயைச் சற்று மேல்நோக்கி வைக்கிறோம். குறுக்குக்கோடு சாய்ந்திருந்தால் 'மேலே' என்று நாம் கொடுக்கும் திருத்தத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் போகும். எவ்வளவு என்றால், விழுச்சியைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கிய அளவு. பெல்லட் 20 செ.மீ. விழும் தூரத்தில் 5 பாகை சாய்வு இருந்தால் சுமார் 1.7 செ.மீ. விலகும். 3 பாகை என்றால் ஒரு செ.மீ. 10 மீட்டரில் மொத்த விழுச்சியே ஒன்றிரண்டு செ.மீ.தான் என்பதால் விலகல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. வலப்பக்கம் சாய்ந்தால் அடி வலப்பக்கமும் கொஞ்சம் கீழேயும் விழும். இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம்.

பெரும்பாலானவர்கள் குழம்புவது இதற்கு அடுத்த இடத்தில். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு நேர் செய்கிறார்கள். பூமியின் இழுப்போடு நேர் செய்வதை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் விளைவு வேறு. குறுக்குக்கோடு சரியாகச் செங்குத்தாக நிற்கிறது, அதற்குக் கீழே துப்பாக்கி 3 பாகை திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பின் மையம் குழாயின் மையத்துக்கு 5 செ.மீ. மேலே இருந்தால், குழாய் பக்கவாட்டில் விலகுவது சுமார் 2.6 மி.மீ. 20 மீட்டரில் குறியும் அடியும் ஒன்றாகும்படி சீரோ செய்தால் 40 மீட்டரில் அதே 2.6 மி.மீ. மறுபக்கம் விலகும். அவ்வளவுதான். குறுக்குக்கோடே சாய்ந்திருந்தால் வரும் பிழை அப்படி நிற்காது. விழுச்சி கூடக்கூட அதுவும் கூடிக்கொண்டே போகும். ஆகவே இரண்டில் எதற்கு முதலிடம் என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: குறுக்குக்கோட்டின் செங்குத்துக்கு.

செங்குத்தை எதை வைத்துப் பார்ப்பது? கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வது முதல் தவறு. கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது தலையும் கொஞ்சம் சாயும், சாய்ந்த தலைக்குச் சாய்ந்த கோடு நேராகத் தெரியும். துப்பாக்கியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால், "என்னண்ணே, இடப்பக்கம் விழுந்து கிடக்கு?" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மின்கம்பம், தென்னை, பக்கத்து வீட்டுச் சுவர் ஓரம் இவற்றை அளவாக வைப்பது அடுத்த தவறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கரையில் நட்டு வைத்தது எல்லாம் நேராகவே நிற்கும் என்று நம்பத் தோன்றாது. கடல் விளிம்பு உண்மையிலேயே மட்டமானதுதான். அதற்காகத் துப்பாக்கியைத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துப்போய்க் கடலை நோக்கி நீட்டக் கூடாது. துப்பாக்கியில் மாட்டிய ஸ்கோப் பைனாகுலர் இல்லை. அதில் ஆளைப் பார்ப்பது துப்பாக்கியை ஆளை நோக்கி நீட்டுவதுதான். காலையில் கிழக்கே திருப்பினால் எதிரே சூரியன். ஸ்கோப் வழியாக அதைப் பார்த்தால் கண் போய்விடும்.

நம்பக்கூடியது கொத்தனாரின் தூக்குக்குண்டுதான். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். குண்டு இல்லையென்றால் கனமான ஒரு நட்டைக் கட்டினாலும் போதும். வெள்ளை நூலில் கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத சுவரின் முன் 10 மீட்டருக்கு அப்பால் தொங்கவிடுங்கள். கடலோர வீடுகளில் நூல் ஆடிக்கொண்டே இருக்கும். கீழே ஒரு வாளித் தண்ணீர் வைத்து, குண்டு அதில் மூழ்கும்படி விட்டால் ஆட்டம் அடங்கிவிடும். சுவர் வெள்ளையாக இருந்தால் நூலைக் கறுப்பாக்கிக் கொள்ளுங்கள். துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்று திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு ஸ்டாண்டிலோ மணல் மூட்டையிலோ வைத்து, ஸ்கோப் மாட்டும் ரயில் (துப்பாக்கியின் மேலுள்ள நீளமான பிடிப்புப் பட்டை) மட்டமாக இருக்கும்படி முட்டுக் கொடுங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளின் ஸ்க்ரூக்கள் லேசாக மட்டும் பிடித்திருக்க வேண்டும். ஸ்கோப் வழியாகப் பார்த்தபடி, செங்குத்துக் கோடு நூலின் மேல் முழு நீளத்துக்கும் படியும் வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். நூல் மங்கலாகத் தெரிந்தால் பேரலாக்ஸ் வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். 100 கெஜத்துக்கென்றே அமைத்த ஸ்கோப்பில் அந்த வளையம் இருக்காது. அப்போது நூலை இன்னும் தள்ளிக் கட்ட வேண்டியதுதான்.

இதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி, பல ஸ்கோப்புகளில் 8, 9 செ.மீ. வரும், அதை முதலில் சரி செய்துவிடுங்கள். மட்டம் பார்த்து முடித்தபின் ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்தினால் அது திரும்பிவிடும். திரும்பவும் நூலடிக்கு வர வேண்டியதுதான்.

ரசமட்டத்தை டரட் மூடியின் மேல் வைத்துப் பார்ப்பவர்கள் அதிகம். மூடியின் மேற்பரப்பு குறுக்குக்கோட்டுக்கு இணையாகவே கடைந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ரசமட்டமே சரியா என்பது இன்னொரு கேள்வி. இதைச் சோதிக்கும் முறை எந்தக் கொத்தனாருக்கும் கைவந்தது. ஒரு இடத்தில் வைத்துக் குமிழியைப் பார்ப்பார், அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைப்பார். "இப்படி வச்சா ஒண்ணு, திருப்பி வச்சா ஒண்ணு காட்டுது பாரு தம்பி, இத நம்பாத" என்பார். இரண்டு முறையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் அது மட்டம். போன் ஆப்பைப் பயன்படுத்தினால் இந்தச் சோதனை இன்னும் அவசியம், பின்பக்கக் கேமரா துருத்திக்கொண்டிருக்கும் போனைப் படுக்க வைத்தால் அதுவே சாய்வுதான்.

நூலோடு பொருத்திவிட்டு, ஸ்க்ரூ இறுக்கும்போது கெடுத்துக்கொள்பவர்கள்தான் பாவம். ஒரு பக்கத்து ஸ்க்ரூவை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால், ரிங்கின் மேல்பாதி ஸ்கோப்பைத் தன்னோடு இழுத்துத் திருப்பும். கால் சுற்று, கால் சுற்றாக எதிரெதிர் மூலையில் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ரிங்கின் இரு பக்க இடைவெளியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஸ்கோப் வழியாக நூலைப் பாருங்கள். ஆலன் கீயின் நீண்ட கைப்பிடியைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் திருகினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவே அளவு. பல ரிங்குகளுக்கு அது 2 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும், கையின் முழு வலு அதைத் தாண்டிவிடும்.

உப்புக்காற்றுக்குப் பயந்து ரிங்கின் உள்பக்கம் எண்ணெய் பூசுகிறார்கள். வேண்டாம். ஸ்கோப் குழாயையும் ரிங்கையும் துடைத்துக் காய்ந்த நிலையில்தான் பொருத்த வேண்டும். துருவுக்கு எண்ணெய் தேவைதான். எல்லாம் இறுகியபின் ஸ்க்ரூ தலைகளில் துணியால் லேசாகத் தடவினால் போதும்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்குத் தனி எச்சரிக்கை. சுட்டதும் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முனையில் மோதி நின்றதும் முன்னால் குலுக்கும். இந்த இரட்டை உதையில் ஸ்கோப் ரயிலில் மெல்லப் பின்னுக்கு நகரும். இந்த நகர்வைத் தடுக்கும் ஸ்டாப் பின் இல்லாத மவுண்ட் (ரிங்கோடு கூடிய பிடிப்பு) வாங்காதீர்கள். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று குறிப்பிடாத ஸ்கோப்பையும் மாட்டாதீர்கள், உள்ளே லென்ஸ் ஆட்டம் கண்டுவிடும்.

போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்தான். அந்தப் பணத்தை ஸ்கோப்பில் போட வேண்டாம். மற்றவர்களும் 2016 ஆயுத விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, துப்பாக்கிக் குழாயின் உட்துளை 4.5 மி.மீ.யை விட அகலமாக இருந்தாலோ உரிமம் வேண்டும். ஸ்கோப் மாட்டியதைச் சோதிக்க ஊசுடு ஏரிப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அதை அடியோடு விட்டுவிடுங்கள். அது பறவைகள் சரணாலயம். சோதனைக்கு அட்டை போதும், பின்னால் பெல்லட்டைத் தாங்கும் தடுப்பு இருக்க வேண்டும்.

அந்தச் சோதனையையும் செய்துவிடுங்கள். 20 மீட்டரில் அட்டையை ஒட்டி, தூக்குநூலை வைத்து அதில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கோட்டின் கீழ்முனையில் சீரோ செய்து ஐந்து சுடுங்கள். பிறகு ஒரு கிளிக்குக்குக் கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகரும் டரட்டில் 80 கிளிக் மேலே ஏற்றி, அதே கீழ்முனைப் புள்ளியைக் குறிவைத்து, குறுக்குக்கோடு அட்டைக் கோட்டின் மேல் படிந்திருக்கும்படி பிடித்து இன்னும் ஐந்து. இரண்டாவது கூட்டம் ஏறக்குறைய 11.6 செ.மீ. மேலே விழ வேண்டும், கோட்டின் மேலேயே விழ வேண்டும். 6 மி.மீ. ஒதுங்கினால் சாய்வு 3 பாகை. குறுக்குக்கோடு நூலோடு ஒட்டியிருந்தும் அடி ஒதுங்கினால், ஸ்கோப்புக்குள் குறுக்குக்கோடும் டரட்டும் ஒன்றோடொன்று நேராக இல்லை என்று பொருள். அதை ரிங்கில் சரி செய்ய முடியாது, ஸ்கோப்பை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். எல்லாம் சரியாக வந்தால் ரிங்கும் ஸ்கோப் குழாயும் சேரும் இடத்தில் பெயின்ட் பேனாவால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். அடுத்த முறை ஸ்கோப் திரும்பியிருந்தால் அந்தக் கோடு உடைந்து நிற்கும், நூல் கட்டாமலே தெரிந்துவிடும்.