தாமிரபரணிக் கரையில் ஒரு பால்பவுடர் டப்பா: ஊசித்துளைக் கேமராவில் நீண்ட நேரப் படம் எடுக்கும் முறை

ஊசித்துளைக் கேமராவைப் பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருப்போம். மெழுகுவர்த்தி, அட்டைப்பெட்டி, எண்ணெய்த்தாளில் தலைகீழாகத் தெரியும் சுடர் என்ற அளவோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். அந்த எண்ணெய்த்தாள் இருந்த இடத்தில் ஒளியுணர் தாள் ஒன்றை வைத்துவிட்டால் அதே பெட்டி படம் எடுக்கும் கருவியாகிவிடுகிறது. துளை மிகச் சிறியது என்பதால் உள்ளே நுழையும் ஒளி குறைவு. நல்ல வெயிலில்கூடத் தாளில் படம் பதிய அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், மர நிழலில் பத்து நிமிடமும் ஆகலாம். அவ்வளவு நேரமும் ஒரே இடத்தில் இருந்த பொருள்தான் படத்தில் திடமாக நிற்கும். ஓடியது புகைபோல் ஆகிவிடும். நடந்து போனது காணாமற்போய்விடும். ஆகவே ஒரு காட்சியைப் பார்த்தவுடன், அது அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், அதில் எது எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும் என்று கேட்டுப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றவை எல்லாம் கைவேலைதான்.

டப்பாவும் துளையும்

சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமும் 13 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமும் உள்ள பால்பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி தகரமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடி ஒளியைக் கசியவிடும். உட்புறம் முழுவதும், மூடியின் அடிப்பக்கம் உட்பட, பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்து இரண்டு நாள் காயவிடுங்கள். டப்பாவின் பக்கவாட்டில், உயரத்தின் நடுவில், ஆணியால் ஒரு பெரிய ஓட்டை போடுங்கள். படத்தை உண்டாக்கும் துளை இதுவல்ல. அது தனியாக ஒரு மெல்லிய தகட்டில் வரும்.

குளிர்பான அலுமினிய கேனிலிருந்து 3 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டுங்கள். அதை ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தின் அட்டைமேல் வைத்து, தையல் ஊசியின் முனையை நடுவில் நிறுத்தி, அழுத்திக் குத்தாமல் விரல்களுக்கிடையில் மெதுவாகச் சுழற்றுங்கள். பின்புறம் ஊசி முனை ஒரு சிறு பருபோல் மேலெழும்பும். அந்தப் பருவை மிக நைசான உப்புத்தாளால் தேயுங்கள். மறுபடி முன்புறம் திருப்பிச் சுழற்றுங்கள், மறுபடி தேயுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால், பிசிறில்லாத வட்டமான துளை ஒன்று ஒரு கணத்தில் வெளிச்சமாகக் கண்ணில் படும். ஒரே குத்தில் போட்ட துளையின் விளிம்பு கிழிந்திருக்கும். அதன் வழியே வரும் படமும் கலங்கலாகவே இருக்கும். ஆகையால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவசரம் காட்டாதீர்கள்.

துளையின் அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. துளைக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 25-ஆல் வகுக்க வேண்டும். நம் டப்பாவில் தூரம் 100 மில்லிமீட்டர், வர்க்கமூலம் 10, எனவே துளை 0.4 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதானால் படம் மங்கும். மிகச் சிறிதானால் இன்னும் கூர்மையாகும் என்று தோன்றும். ஆனால் ஒளி துளையின் ஓரத்தில் வளைந்து பரவும் விளிம்பு விளைவினால் அப்போதும் படம் மங்கத்தான் செய்யும். அளந்து பார்க்க, தகட்டை ஸ்கேனர் உள்ள ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் துளை 19 புள்ளி அகலம் இருந்தால் அது சரியாக 0.4 மில்லிமீட்டர். பிறகு தகட்டை ஆணி ஓட்டைக்கு உட்புறமாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிடுங்கள். வெளியே ஒட்டும் இன்னொரு துண்டு டேப்தான் உங்கள் ஷட்டர்.

தாளும் இருட்டறையும்

கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாள், பிளாஸ்டிக் பூச்சுள்ள வகை, 5-க்கு 7 அங்குல அளவு போதும். இரவில் ஜன்னலை அடைத்த குளியலறையில், சிவப்பு ஜீரோ வாட் பல்பின் வெளிச்சத்தில் வேலை செய்யலாம். அந்தப் பல்பு தாளைக் கெடுக்காதா என்பதை முதலில் சோதித்துவிடுங்கள்: ஒரு துண்டுத் தாள்மேல் நாணயம் ஒன்றை வைத்து ஐந்து நிமிடம் பல்பின் கீழ் விட்டு, பின் டெவலப் செய்யுங்கள், அதாவது கீழே சொல்லும் முறையில் கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் பல்பைத் தள்ளி வைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். தாளின் பளபளப்பான பக்கம் துளையைப் பார்க்கும்படி டப்பாவின் பின்சுவரோடு வளைத்து வைத்து மூடுங்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு படம்தான் என்பதால், நான்கைந்து டப்பாக்களைச் செய்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

கழுவும் முறை எல்லா இருட்டறைக்கும் பொதுவானதுதான்: படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசல், தண்ணீர், படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்சர் கரைசல், கடைசியில் ஓடும் தண்ணீர். கையில் கிடைப்பது வெளிச்சமும் இருளும் இடம் மாறிய நெகட்டிவ்; இனி நான் படம் என்று சொல்வது அதை மறுபடி தலைகீழாக்கிப் பெற்றதை. நம் ஊருக்கு மட்டும் ஒரு சேர்க்கை தேவை. டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும்படி தயாரிக்கப்படுகிறது; சித்திரை வெயிலில் நம் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். தாள் சட்டென்று கறுத்துவிடும். டெவலப்பர் தட்டை, ஐஸ்கட்டி போட்ட பெரிய தாம்பாளத்துக்குள் இறக்கி வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

எத்தனை விநாடி

தூரத்தைத் துளையால் வகுத்தால், துளை எவ்வளவு ஒளியை விடும் என்று காட்டும் எஃப் எண் கிடைக்கும்: 100-ஐ 0.4-ஆல் வகுக்க 250. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ எண்ணின் (ஒளியை உணரும் வேகத்தின்) தலைகீழ் விநாடியே ஒளிபடும் நேரம் என்பது புகைப்படக்காரர்களின் பழைய கணக்கு. புகைப்படத் தாளின் வேகம் ஏறத்தாழ ஐஎஸ்ஓ 6. எனவே எஃப் 16-ல் ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு போதும். எஃப் 250 என்பது எஃப் 16-ஐப் போல் 15.6 மடங்கு, ஒளி அதன் வர்க்கத்தின்படி, அதாவது சுமார் 244 மடங்கு குறையும். 244-ஐ 6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 40 விநாடி. காலை பத்து மணி வெயிலுக்கு இதுவே தொடக்கப் புள்ளி. ஒரே காட்சியை மூன்று டப்பாக்களில் 20, 40, 80 விநாடி என்று எடுத்துப் பாருங்கள்; உங்கள் டப்பாவின் குணம் ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

மேகமூட்டத்தில் 3 முதல் 5 நிமிடம், அடர்ந்த நிழலில் அதற்கும் மேல். நேரம் நீள நீள ஒளியுணர் பூச்சின் வேகம் குறைந்துகொண்டே போகும் என்பதால் கணக்கில் வரும் விடையை அப்படியே நம்பக் கூடாது. இல்ஃபோர்ட் எச்பி5 ஃபிலிமுக்கு அந்த நிறுவனமே தரும் கணக்கின்படி 10 விநாடி 20 ஆகிறது. 60 விநாடி ஏறத்தாழ மூன்றரை நிமிடமாகிறது. தாளுக்கு, கணக்கு 5 நிமிடம் என்று சொன்னால் நான் 8 நிமிடம் வைப்பேன்.

தண்ணீரை வைத்துத் தொடங்குங்கள்

முதல் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் கல் கட்டடம். வெள்ளம் வந்தால் முழுகி, வடிந்தபின் அசையாமல் வெளிப்படும். சுற்றிலும் தாமிரபரணி ஓடிக்கொண்டே இருக்கும். அசையாதது எது, அசைவது எது என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான இடத்தை நான் பார்த்ததில்லை. கரையில் உள்ள படியில் டப்பாவை வைத்து, இரு பக்கமும் கல்லால் முட்டுக் கொடுத்து, டேப்பை எடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தில் 45 விநாடி எண்ணிவிட்டு மூடுங்கள்.

அங்கே நான் எடுத்த ஒரு படம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. கோயில் மண்டபத்தின் தூண்களை எண்ணலாம். தண்ணீர், பால் ஊற்றி வைத்த தட்டுபோல் ஒரே வெளுப்பு. படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேரில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற எருமை ஒன்று மட்டும் இருக்கிறது. அதன் முதுகும் வயிறும் கல்லைப்போல் தெளிவாக நிற்க, ஈயை விரட்டிக்கொண்டே இருந்த தலை இருக்கும் இடத்தில் ஒரு கரும்புகை. வாலைக் காணவே காணோம்.

தண்ணீரின் வேகத்தைப் பொறுத்து ஒன்றைக் கவனியுங்கள். குற்றாலத்தில் ஐந்தருவி போன்ற வேகமான வீழ்ச்சி ஒரே விநாடியில் மென்புகையாகிவிடும்; அதற்கு மேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. மெதுவாக அலையாடும் குளத்துக்கோ அதன் சிற்றலைகள் அழிந்து கண்ணாடிபோல் ஆக ஒரு நிமிடமாவது வேண்டும். சாரல் காலத்தில் அருவிப் பக்கம் போனால் துளையில் நீர்த்துளி அடைத்துக்கொள்ளும். டேப்பை எடுப்பதற்குச் சற்று முன் தகட்டைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஆடி மாதத்தில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளை எடுப்பதும் நல்ல பயிற்சி. கம்பம் நிற்கும், இறக்கைகள் கரைந்துவிடும். நீல வானம் படத்தில் வெள்ளையாகவே வருவதால், வெள்ளை இறக்கைகளின் சுவடுகூட மிஞ்சாது. ஆனால் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் ஊரில் காலி டப்பா எம்மாத்திரம்? டப்பாவின் அடியில் மணல் மூட்டை, தலையில் ஒரு செங்கல் என்று வைத்தால்தான் கம்பமும் நேராக வரும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: இந்தத் தாள் சிவப்பு ஒளியை உணராது. அந்தச் செம்மணல் படத்தில் கரியைப்போல் கறுத்துத்தான் வரும்; அது உங்கள் தவறு அன்று.

மறையும் மனிதர்கள்

1838-இல் புகைப்பட முன்னோடி டாகேர் பாரிஸ் நகரின் போக்குவரத்து மிகுந்த சாலை ஒன்றைப் படமெடுத்தபோது வண்டிகளும் மக்களும் மறைந்து, காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற ஒருவரின் உருவம் தங்கிவிட்டது. நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் இன்றும் அதையே செய்து பார்க்கலாம். மேகமூட்டமான காலையில் 5 நிமிடம் திறந்து வையுங்கள். நடப்பவர் ஒருவர் படத்தின் எந்த ஒரு புள்ளியையும் ஒரு விநாடிக்கு மேல் மறைப்பதில்லை. 300 விநாடியில் ஒரு விநாடி என்பது தாளுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் நின்று பேசியவர் கண்ணாடி உருவமாக வருவார். மூன்று நிமிடம் பூக்கட்டிக்கொண்டிருந்தவர் ஏறக்குறைய முழுதாக வருவார், விரல்கள் மட்டும் இருக்காது.

இதில் உடையின் நிறத்துக்கும் பங்கு உண்டு. இருண்ட வாசலுக்கு முன் வெள்ளை வேட்டியோடு அரை நிமிடம் நின்றவர் தாளில் ஒளியைச் சேர்த்துவிட்டுப் போகிறார், அது அழியாது. வெள்ளைச் சுவருக்கு முன் கறுப்புக் குடையோடு அதே நேரம் நின்றவரின் சுவடு, அவர் நகர்ந்தபின் சுவரின் ஒளியால் மூடப்பட்டுவிடும். வீட்டிலேயே பழக, தம்பியையோ தங்கையையோ வெளிர்நிறச் சட்டையுடன் திண்ணையில் உட்காரவைத்துப் பாதி நேரம் கழிந்ததும் எழுந்து போகச் சொல்லுங்கள். உடம்பின் ஊடே திண்ணையும் பின்னாலுள்ள கதவும் தெரியும்.

சூரியன் போன வழி

கடைசியாக, விநாடிக் கணக்கை விட்டு மாதக் கணக்குக்குப் போகலாம். குளிர்பான கேனில் 0.3 மில்லிமீட்டர் துளையிட்டு, உள்ளே தாளை வைத்து, மூன்று முதல் ஆறு மாதம் வரை ஒரே இடத்தில் கட்டி வைத்தால் சூரியன் ஒவ்வொரு நாளும் போன வழி ஒரு கோடாகத் தாளில் எரிந்து பதியும். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் வானாய்வுக்கூடத்தில் 2012-இல் இப்படி ஒரு பீர் கேனை வைத்த மாணவி ரெஜினா வால்கன்பர்க் அதை மறந்தே போனார். 2020-இல் எடுத்துப் பார்த்தபோது எட்டு ஆண்டுச் சூரியன் அதில் பதிந்திருந்தது.

வடநாடுகளில் இருந்து எழுதுகிறவர்கள் கேனைத் தெற்கு நோக்கிக் கட்டச் சொல்வார்கள். அவர்களுக்கு அது சரி, திருநெல்வேலிக்குப் பொருந்தாது. நாம் ஏறக்குறைய 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறோம். டிசம்பரில் சூரியன் மிகத் தெற்கே இருக்கும்போதுகூட நண்பகலில் 58 பாகை உயரத்தில் இருக்கும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியிலும் நிழலே விழாமல் தலைக்கு நேர் மேலே போகும். இடைப்பட்ட மாதங்களில் நமக்கு வடக்கே போகும். தெற்கு நோக்கிய கேனின் கண்ணுக்கு அதில் பெரும்பகுதி எட்டாது. ஆகவே கிழக்கு அல்லது மேற்கு நோக்கிக் கட்டுங்கள். ஜூன் 21 முதல் டிசம்பர் 22 வரை கிழக்கு நோக்கி இருந்தால், உதிக்கும் இடம் வடக்கிலிருந்து தெற்காக 47 பாகை நகர்வதும், கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக, தெற்கே சற்றே சாய்ந்து எழுவதும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் கோடு அறுந்து அறுந்து இருக்கும். எந்த வாரம் மழை அடைத்தது என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடிக் கம்பத்தில் நான் கட்டிய முதல் கேனில், இரண்டே வாரத்தில் குளவி ஒன்று மண்ணால் துளையை அடைத்துக் கூடு கட்டிவிட்டது. நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் துளையை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். மூடியைச் சுற்றி டேப்பை இரண்டு அடுக்காகச் சுற்றி, அடியில் நீர் வடிய ஊசி முனையளவு ஓட்டை விட்டு அதன்மேல் கறுப்புத் துணி ஒட்டிவிடுங்கள்.

இந்தத் தாளை டெவலப் செய்யவே கூடாது. படம் ஏற்கெனவே தாளில் தெரியும், அதுவும் செம்மையும் நீலமுமாக நிறத்தோடு. மங்கலான அறையில் எடுத்து, முன்னோட்ட ஸ்கேன் போடாமல் ஒரே தடவையில் ஸ்கேன் செய்து, கணினியில் நிறங்களைத் தலைகீழாக்கி, இடவலம் திருப்பிக்கொள்ளுங்கள். ஸ்கேனரின் விளக்கே அதைச் சற்றுக் கறுக்கச் செய்யும் என்பதால் இரண்டாம் முறை முயல வேண்டாம். மூலத்தாளைப் புகைப்படத் தாள் வந்த அதே கறுப்பு உறைக்குள் போட்டு, மேலே தேதியும் திசையும் எழுதி வையுங்கள்.