சியாட்டலின் குளிர்காலத் தூறலில் கேமராவுடன் ஒரு நாள்

டிசம்பரிலோ ஜனவரியிலோ சியாட்டலுக்கு வருபவர்களில் பலர், மழை விடட்டும் என்று விடுதி அறையிலேயே உட்கார்ந்து பாதிப் பகலை இழந்துவிடுகிறார்கள். இந்த ஊர் மழை நம் ஐப்பசி அடைமழையைப் போன்றது அன்று. ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினாலும் சென்னையின் மழையளவைவிடக் குறைவுதான். ஆனால் குளிர்காலத்தில் அது பொடித் தூறலாக நாட்கணக்கில் நீடிக்கும். ஆகவே, நனைந்துகொண்டே படம் எடுக்க ஆயத்தமாகப் புறப்படுவதே சரி.

முதலில் மாலைப் பொழுதை எங்கே கழிப்பது என்று முடிவு செய்துகொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் காலை 7.55 மணியளவில் உதித்து, மாலை 4.20-க்கெல்லாம் மறைந்துவிடும். எட்டரை மணி நேரம்கூட இல்லாத பகலில் பத்து இடங்களைப் பார்க்க முயன்றால் ஓரிடத்திலும் நல்ல படம் அமையாது.

குடை ஒரு கையைப் பறித்துக்கொள்ளும் என்பதால், தலைமூடி வைத்த மழைக்கோட்டு மேலானது. கேமராவுக்கு விலை உயர்ந்த உறை தேவையில்லை. விடுதிக் குளியலறையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தலையுறையை அதன் மேல் மாட்டினால் தூறலுக்குப் போதும். லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு வளையத்தை (லென்ஸ் ஹூட்) கழற்றாதீர்கள். துடைப்பதற்குக் குறைந்தது மூன்று மென்துணிகள் இருக்கட்டும், ஏனெனில் முதல் துணி ஒரு மணி நேரத்தில் ஈரமாகிவிடும். குளிரில் பேட்டரி விரைவில் இறங்குவதால், மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வைத்திருங்கள்.

காலையில் பைக் பிளேஸ் சந்தையிலிருந்து தொடங்குவது நல்லது. 1907-இல் தொடங்கிய இந்தச் சந்தையின் பெரும்பகுதி கூரைக்கு அடியில் இருப்பதால், மழையிலும் நிதானமாக நின்று படம் எடுக்கலாம். ஐஸ் மேல் அடுக்கிய மீன்களின் செதில்களில் விளக்கொளி பட்டுத் தெறிப்பதை அருகே சென்று எடுங்கள். மீன்காரர்கள் மீனை ஒருவருக்கொருவர் வீசிப் பிடிப்பதைப் படத்தில் அசைவின்றிப் பதிக்க ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்காவது வேண்டும், அதற்காக ஐ.எஸ்.ஓ. எனும் ஒளி உணர்திறனை 1600, 3200 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம்.

அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கி, பெயின்பிரிட்ஜ் தீவுக்குச் செல்லும் படகில் ஏறுங்கள். பயணம் சுமார் 35 நிமிடம். நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் போகும்போது மட்டுமே. காற்று முகத்தில் அறையாத பின்தளத்தில், கூரையின் கீழ் நின்றால், கட்டடங்கள் மெல்ல மெல்ல மூடுபனிக்குள் கரைவதைத் தொடர்ச்சியாக எடுக்கலாம். தளம் அதிர்ந்துகொண்டே இருப்பதால் முக்காலியால் பயனில்லை. வானம் வெறும் வெள்ளையாகத் தெரியும் நாட்களில் அதைச் சட்டகத்தில் குறைத்து, கடலுக்கு அதிக இடம் கொடுங்கள்.

திரும்பியதும், 2004-இல் திறக்கப்பட்ட மத்திய நூலகத்துக்குள் நுழைந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளலாம்; அனுமதி இலவசம், சாய்ந்த கண்ணாடிச் சுவர்களில் நீர் வழிவதை உள்ளிருந்தே எடுக்க முடியும். ஆனால் ஓர் எச்சரிக்கை: குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் வந்தவுடன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். என் முதல் குளிர்காலத்தில், ஒரு காபிக் கடையில் அவசரமாகப் பையைத் திறந்தேன். லென்ஸ் முழுவதும் ஆவி படிந்து, தெளிய அரைமணி நேரமாயிற்று. அதற்குள் வெளியே மேகம் விலகி விழுந்த வெயில் வந்த சுவடில்லாமல் போய்விட்டது. அந்த ஒளியை இன்றும் நினைத்து வருந்துகிறேன். பையை மூடியபடியே இருபது நிமிடம் விட்டுவைத்தால் இந்த இழப்பு நேராது.

மூன்றரை மணிக்குள் குயின் ஆன் குன்றிலுள்ள கெர்ரி பூங்காவில் முக்காலியை ஊன்றிவிடுங்கள். 1962 உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட 184 மீட்டர் உயர ஸ்பேஸ் நீடில் கோபுரம் நேரெதிரே நிற்கும். வானம் தெளிந்திருந்தால் அதற்குப் பின்னால் ரெய்னியர் மலையும் தெரியும். குளிர்காலத்தில் அது அரிது. கோபுரத்தின் உச்சி மேகத்தில் மறைந்திருந்தாலும் திரும்பிவிடாதீர்கள், அஞ்சலட்டைகளில் காணக் கிடைக்காத படம் அன்றுதான் அமையும். சூரியன் மறைந்த பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் வானத்தின் கருநீலமும் சன்னல்களின் மஞ்சள் ஒளியும் ஏறக்குறைய சமமாகும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே இங்கு வருகிறோம். ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் சில நொடிகள் திறப்பு என்று வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் முன்பு லென்ஸைத் துடைத்துவிடுங்கள்.

இரவில் மீண்டும் சந்தைக்கு வாருங்கள். கடைகள் மூடியபின், கடிகாரத்தோடு கூடிய சிவப்பு நியான் பலகையின் ஒளி ஈரமான செங்கல் தரையில் நீளமாகக் கசிந்திருக்கும். லென்ஸில் போலரைசர் எனும் வடிகட்டிக் கண்ணாடியை மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஈர இலைகளின் மினுக்கத்தைக் குறைக்க உதவும் அதே கண்ணாடி இங்கே பிரதிபலிப்பையே தின்றுவிடும். எழுத்துகள் வெளுத்துப்போகாதபடி ஒளியளவை ஒரு படி குறைத்து, கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தாழ்த்துங்கள். பிறகு யாராவது ஒருவர் அந்தச் சிவப்பின் குறுக்கே நடந்து செல்லும்வரை பொறுத்திருங்கள்.