வேகம் கூடினால் ஸ்டியரிங் நடுங்குதா?

கந்தளாய் வீதியில் 70, 80ஐத் தொடும்போது ஸ்டியரிங் நடுங்கினால், அநேகமாக முன்சில்லு பலன்ஸ்தான் (சில்லைச் சுற்றி எடை சமமாக இருப்பது) பிழை. நடுக்கம் இருக்கையில் தெரிந்தால் பின்சில்லு. பிரேக் மிதிக்கையில் மட்டும் என்றால் பிரேக் டிஸ்க்.

நிலாவெளி மணலில் இறக்கிய காரா? ரிம்மின் உட்பக்கம் காய்ந்து ஒட்டிய சேற்றை முதலில் கழுவுங்கள். சிறிய எடை ஏற்றத்தாழ்வே போதும், ஸ்டியரிங் ஆடும். பலன்ஸுக்காகப் பொருத்திய ஈயக்கட்டை கழன்ற இடம் ரிம்மில் தனித் தடமாகத் தெரியும். டயர் வீங்கியிருந்தால் பலன்ஸ் செய்வது வீண்காசு, உடனே மாற்றுங்கள்.

அடுத்து, அதே பக்கத்து முன், பின் சில்லுகளை இடம்மாற்றி ஓடிப் பாருங்கள். நடுக்கம் இருக்கைக்குப் போனால் பிழை சில்லில். போகாவிட்டால் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, முன்சில்லின் இடம் வலம் பிடித்து ஆட்டுங்கள்: ஆடினால் பெரும்பாலும் டை ரொட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் மூட்டு). மேல் கீழாக ஆடினால் பெயரிங் அல்லது போல் ஜொயின்ட் (சில்லைத் தாங்கும் உருண்டை மூட்டு).

அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கும் கோணம்) பிழைத்தால் கார் ஒருபக்கம் இழுக்கும், இப்படி நடுங்காது. கராஜில் முதலில் அதைச் செய்யச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.