இடது கை கெடுக்கும் ராகம்: பியானோவில் மனோதர்மம் வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

விரல் பயிற்சி, மெட்ரோனோம் பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். மனோதர்மமாக, அதாவது எழுதி வைக்காமல் அந்த நேரத்துக் கற்பனையில், ராகத்தைப் பியானோவுக்குக் கொண்டுவருகிறவர்கள் சறுக்குவது வேறு இடத்தில்.

ராகத்துக்கு அடியில் கார்டு (chord, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கொத்து) மாற்றுவது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். வலது கையில் மோகனம். சி-யை ஷட்ஜமாக (ஆதார ஸ்வரமான ‘ஸ’-வாக) வைத்தால் சி, டி, ஈ, ஜி, ஏ. ஐந்தும் சரியாகவே விழும். இடது கை சும்மா இருக்குமா? சி மேஜர் கார்டில் தொடங்கி ஏ மைனருக்குப் போகும். பேஸில் (அடி ஸ்வரத்தில்) ஏ அழுத்தமாக விழுந்து நின்றால் காது அதையே ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளும். அதே ஐந்து ஸ்வரங்கள் இப்போது சுத்த தன்யாசி என்ற வேறு ராகம்! ஈ-யில் உட்கார்ந்தால் ஹிந்தோளம், டி-யில் மத்யமாவதி. கிரகபேதம் என்று பாடகர்கள் ஷட்ஜத்தை இடம் மாற்றி யோசித்துச் செய்கிற வித்தையை இவர்கள் தெரியாமலே செய்துகொண்டிருப்பார்கள்.

என் மாணவர் ஒருவர், ஜாஸில் தேர்ந்த கை, ஒரு பாடகியுடன் ஒத்திகையில் இப்படித்தான் வாசித்தார். அந்த அம்மா சுருதிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். பிறகு பாடுவதையே நிறுத்திவிட்டு, "நீங்க வாசிங்க, நான் கேக்கறேன்" என்றார். இவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாக வாசித்தார்.

கொஞ்ச காலம் இடது கையில் ஸ-ப (ஷட்ஜம், பஞ்சமம்) மட்டும் வையுங்கள். (ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது, அங்கே ஸ-ம.) அலுக்கும், அலுக்கட்டும். கார்டு இல்லாமல் முடியாதென்றால் பேஸில் ஷட்ஜத்தை அசைக்காமல் மேலே மட்டும் மாற்றுங்கள்.

கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை) நடித்துக் காட்டுவது

தோடி ராகத்தின் அசைந்தாடும் காந்தாரம் பியானோவில் இல்லை. இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றித் தட்டினால் வருவது ட்ரில், கமகம் அல்ல. அவ்வளவு அசைவு கேட்காத ஹம்ஸத்வனியில் தொடங்குங்கள்.

காந்தாரத்தில் நீளமாக நிற்பது

தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட (மோகனத்தில் வருகிற ‘க’)ப் பியானோவின் காந்தாரம் சுமார் 14 சென்ட் கூடுதல் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே நூறு சென்ட்). தொட்டுவிட்டு நகருங்கள்.

எடுத்த இடத்தைச் சொல்லாமல் விடுவது

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான், பதின்மூன்றாம் நூற்றாண்டு இசை நூலாசிரியர் சார்ங்கதேவரின் தேசி தாளங்களை எடுத்தாண்டார். எடுத்ததை எழுதியும் வைத்தார். வெறுமனே ‘ஃப்யூஷன்’ என்று போட்டுக்கொள்கிறவர்களுக்கு அதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரிவதில்லை.

பாடம் எடுக்கும்போது

மனோதர்மத்தை நொட்டேஷனில் எழுதிக் கொடுக்காதீர்கள். அடுத்த வகுப்பில் அதையே ஓர் அட்சரம் பிசகாமல் வாசித்துக் காட்டுவார்கள்.